டிரம்ஸ் அடக்கம், மாலை ஐந்து மணி

டிரம்ஸ் வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வாசிக்கிற டிரம்ஸின் வாயை மூடத் தாம்பரம் வட்டாரத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

சிரிக்காதீர்கள், இதுவும் ஒரு தொழில்தான்! புது டிரம்ஸ் வாங்கி ஹாலில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். 'டம்' என்று நிற்காது. 'டங்ங்ங்ங்' என்று இழுத்துக்கொண்டே போகும். அந்த இழுவைக்கு எங்கள் பாஷையில் ரிங் என்று பெயர். உள்ளே ஒரு தலையணை, மேலே ஒரு துண்டு, ஓரத்தில் கொஞ்சம் டேப், இப்படி எதையாவது வைத்து அந்த ரிங்கைக் கொன்று, சத்தத்தை வீட்டுக்குள்ளேயே உட்கார வைப்பது என் வேலை. பக்கத்து வீட்டு டிரம்ஸால் தூக்கம் தொலைத்தவர்களே, டிரம்ஸ் வாசித்துப் பக்கத்து வீட்டில் திட்டு வாங்கியவர்களே, இரண்டு கட்சிக்கும் நான் பொது. இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்பவளும் நானேதான்.

அப்படிப்பட்ட என் தலையிலேயே இந்த வருஷம் இடி விழப் பார்த்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு போன் போதும்

சேலையூரில் எங்கள் கிறிஸ்தவ சபையில் நான்தான் டிரம்ஸ் வாசிக்கிறேன். ஆலயத்துச் சுவரை ஒட்டி இருந்த காலி மனையில் திடீரென்று ஒரு அபார்ட்மெண்ட் முளைத்தது. அதன் முதல் மாடிக்கு, எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே, காயத்ரி என்று ஒரு பெண் கைக்குழந்தையோடு குடிவந்தாள். வந்த முதல் ஞாயிறே எங்கள் சபைச் செயலருக்குப் போன். "சார், உங்க டிரம்ஸ் நின்னப்புறமும் எங்க ஜன்னல் நிக்க மாட்டேங்குது. பாப்பா முழிச்சிக்குது." பாவம், அவள் சொன்னதில் தப்பே இல்லை. எங்கள் ஆலயத்துக்கு உயரமான கூரை. நான் ஒரு தட்டுத் தட்டினால் அது கூரையில் மோதி, நாலு சுவரிலும் மோதி, காயத்ரி வீட்டுக்குப் போய்க் காலிங்பெல் அடிக்கும்.

செயலர் தேவசகாயம் சார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பிளாட்பாரத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக்குப் பேசிப் பழகிய குரல். அவர் கமிட்டியைக் கூட்டி, "டிரம்ஸை எடுத்துடலாம், கீபோர்டுலேயே தாளம் வருதே" என்றார். அந்த டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை. போதாததற்கு, சத்தம் குறைக்கிறவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவளின் சொந்த டிரம்ஸையே சத்தம் தாங்காமல் தூக்கிவிட்டார்கள் என்று வெளியே தெரிந்தால், அப்புறம் என்னை எந்த வீட்டில் கூப்பிடுவார்கள்? அழாத குறையாகக் கெஞ்சினேன். விளைச்சலைக் காணிக்கை வைக்கிற அறுப்பின் பண்டிகை வரைக்கும் தவணை கிடைத்தது. அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம், பாட்டும் அதிகம். சார் விரலை நீட்டிச் சொன்னார்: "பண்டிகை அன்னிக்கு அந்த அபார்ட்மெண்ட்ல இருந்து எனக்கு ஒரு போன் வந்தா போதும். டிரம்ஸ் மறுநாள் லோடு ஆட்டோவுல கிளம்பிடும்."

காலால் உதைத்த காஞ்சிபுரம்

சொந்த டிரம்ஸ் உயிருக்குப் போராடுகிறதென்று ஊர் வேலையை விட முடியுமா? பொழிச்சலூரில் இருந்து கிருஷ்ணமூர்த்தி சார் கூப்பிட்டார். பேங்க் அதிகாரி. ஐம்பது வயதுக்கு மேல் டிரம்ஸ் ஆசை வந்து, வாங்கி, மாடி அறையில் வைத்து அடித்துத் தள்ளுகிறார். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்திருக்கிறார். "தலைக்கு மேல பிளேன் போகுதே, அதை ஒண்ணும் கேக்கறதில்ல, என்னை மட்டும் கேக்கறீங்களே" என்று சார் நியாயம் பேச, "பிளேன் ஓட்றவர் மாடிப்படியில இறங்கி வர்றதில்ல சார், நீங்க வர்றீங்க" என்று அவர் திருப்பிக் கொடுத்தாராம்.

நான் போக ஒரு வாரம் ஆகிவிட்டது, அதற்குள் சாரே வைத்தியம் பார்த்து முடித்திருந்தார். காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்முக்குள் எதையோ திணித்துவிட்டு, "எப்படி இருக்கு பாருங்க ஹெலன்" என்று மிதித்துக் காட்டினார். அடேயப்பா! ரிங் சுத்தமாக இல்லை. 'தப், தப்' என்று அவ்வளவு அழகான சத்தம். "உள்ள என்ன சார் வெச்சீங்க?" என்று கேட்டேன். பெருமை தாங்காமல் முன்பக்கத் தோலைக் கழற்றிக் காட்டினார். அடுக்கடுக்காக மடித்த பட்டுப்புடவைகள்! அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று அவர் மனைவி காலையிலிருந்து பீரோவைக் குடைந்துகொண்டிருந்த விஷயம் எனக்குத் தெரியாது. காபி கொண்டுவந்த அந்த அம்மா அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, கணவர் பக்கமே திரும்பாமல் என்னிடம் சொன்னார்: "பாத்தியாம்மா, நான் மணையில உக்காந்த கூறப்புடவைய இத்தனை நாளா இந்த மனுஷன் தினமும் காலால உதைச்சிருக்கார். கேட்டா தாளம்ங்கறார்."

தலகாணிக் கச்சேரி

புடவையில் ஒரு பாடம் படித்தேன், அதைத் தாம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் தப்பாகப் பரீட்சை எழுதினேன். அங்கே ரிசப்ஷனில் பாட்டுக் கச்சேரி. மண்டபம் முழுக்கக் கண்ணாடியும் டைல்ஸும். பெண்ணின் அப்பா, "சொந்தக்காரங்க பேசிக்கறதே கேக்கல, டிரம்ஸை எதுனா பண்ணுங்க" என்று என்னை வரவழைத்தார். எங்கள் சபை டிரம்ஸுக்கு ஒத்திகை பார்த்த மாதிரியும் ஆச்சு என்று எனக்கு ஒரே உற்சாகம். கொண்டுபோன துண்டு, போர்வை, பஞ்சு எல்லாவற்றையும் வைத்துத் திணித்தேன், கட்டினேன், ஒட்டினேன். மணமகன் அறையில் இருந்த தலையணைகளையும் விடவில்லை. அடித்துப் பார்த்தால் சத்தம் மூச்சு விடவில்லை. பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பாட்டு ஆரம்பித்தது. பாடகர் திரும்பித் திரும்பி டிரம்ஸைப் பார்க்கிறார். தாளம் எங்கே என்று தெரியாமல் இவர் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம் போகிறது. டிரம்ஸ் வாசிக்கிற பாபு எனக்குப் பழக்கம்தான். ஓட்டேரிக்காரர், மனசில் பட்டதை மறைக்கத் தெரியாது. வேர்த்து விறுவிறுத்து அடிக்கிறார், ஒன்றும் வெளியே வரவில்லை. ஆடவந்த சித்தப்பாக்கள் காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் நான் ஓடிப்போய்ப் பாதியை உருவிப் போட்ட பிறகுதான் மண்டபத்துக்கு உயிர் வந்தது. ரிங்கை எடுக்கப் போய்ச் சத்தத்தையே எடுத்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் பாபு குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னாக்கா இது, டிரம்ஸ் வாசிக்கிற மாறியே இல்ல, மொட்ட மாடில தலகாணிய போட்டு மொத்திகினு கீற மாறி கீது!"

எப்போ எடுக்கறாங்க?

பண்டிகை நெருங்கிவிட்டது. முந்தின சனிக்கிழமை சாயந்திரம் ஆலயத்தில் டிரம்ஸை அடக்கி, கமிட்டிக்கு ஒரு முறை அடித்துக் காட்டுவதாக ஏற்பாடு. தேவசகாயம் சாருக்கு ஒரு கொள்கை: அறிவிப்புப் பலகையில் தமிழில்தான் எழுதுவார். எனவே வாசலில் இருந்த கரும்பலகையில், யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு என்று சுருக்கமாக எழுதினார். மேல் வரியில் 'டிரம்ஸ் ஹெலன்'. கீழ் வரியில் 'அடக்கம்: சனி மாலை 5 மணி'.

சபைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களில் அடக்கம் என்றால் ஒன்றுதான், கல்லறைத் தோட்டத்தில் செய்வது. ஊரில் ஹெலன் நிறையப் பேர் இருப்பதால் என்னை எல்லோரும் கூப்பிடுவதும் 'டிரம்ஸ் ஹெலன்' என்றுதான். அவ்வளவுதான்! பெண்கள் ஐக்கியத் தலைவி ராஜம் அக்கா பஸ்ஸில் போகிறபோதே பலகையைப் பார்த்துவிட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டிருக்கிறார். "தம்பி, எப்போ எடுக்கறாங்க?" டிரம்ஸைத்தான் கேட்கிறார் என்று நினைத்த இவர், "கமிட்டிதான் முடிவு பண்ணணும்க்கா. சனிக்கிழமை வரைக்கும் துணி போட்டு மூடித்தான் வெச்சிருக்கோம்" என்றிருக்கிறார். "ஐயோ, அதுவரைக்கும் தாங்குமா?" "நல்லா தாங்கும்க்கா, பழைய மாடல் இல்லையா."

நான் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்து நின்றது. கையில் பெரிய ரோஜா மாலையோடு ராஜம் அக்கா இறங்கினார். கண்ணில் தண்ணீரோடு நான் நிமிர்ந்து, "வாங்கக்கா" என்றேன். அவர் போட்ட சத்தம் எந்த டிரம்ஸுக்கும் வராது! தண்ணீர் கொடுத்து, விசிறிவிட்டு, விஷயத்தைச் சொன்னதும் ஒரு பாடு அழுதார், என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. டிரம்ஸ் போனால் நிஜமாகவே பாதி உசிர் போன மாதிரிதான் அக்கா என்றேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாலையைப் பார்த்தார். "அப்ப இதை இன்னாடி ஹெலனு பண்றது? பூக்காரன்கிட்ட சாவுக்குன்னு சொல்லி நல்லா கனமா கட்டி வாங்கியாந்தேனே!"

புதுசாக இருந்தால் காணிக்கை

சனிக்கிழமை ஒத்திகை ஓரளவு தேறியது. ஆனால் பழைய துண்டும் கிழிந்த தலையணையுமாக இருந்ததைப் பார்த்து, பண்டிகையன்றைக்கு இதுவா என்று எனக்கே மனசு கேட்கவில்லை. கேம்ப் ரோடு கடைக்கு ஓடி, புத்தம் புது இலவம்பஞ்சுத் தலையணை, கவர் பிரிக்காத துண்டுகள் எல்லாம் வாங்கிவந்து டிரம்ஸ் பக்கத்தில் அழகாக அடுக்கிவைத்தேன். பழசை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். காலையில் ஆராதனைக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. அறிவு இருக்கிறதா எனக்கு! அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்துக்குள் என்னென்ன வரும்? பூசணிக்காய், வாழைத்தார், கோழி, கேக், புடவை, குடம். எல்லாம் காணிக்கை. எல்லாம் ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம்.

காலையில் வந்து பார்க்கிறேன், டிரம்ஸ் அநாதையாக நிற்கிறது. பந்தலுக்கு ஓடினேன். ஏல மேஜையில், சீட்டுக் குத்தி, பூசணிக்காய்க்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் நடுவில் என் தலையணை உட்கார்ந்திருக்கிறது. மேஜைக்குக் காவல் ராஜம் அக்கா. "அக்கா, அது என்னுதுக்கா, டிரம்ஸுக்கு வெச்சது." அக்கா முகம் மாறிவிட்டது. ஆண்டவருக்கு வைத்ததைத் திருப்பிக் கேட்கிறாயா, இந்த வாரம்தானே உனக்காக அழுதேன் என்கிறார். நான் கொடுக்கவே இல்லை அக்கா என்றால், புதுசாக இருந்ததே, கவர்கூடப் பிரிக்கலையே என்கிறார். உள்ளே முதல் மணி அடித்துவிட்டது. பாடகர் குழு வரிசையில் நிற்கிறது. வீட்டுக்குப் போய்ப் பழசை எடுத்துவர நேரமில்லை.

அப்போதுதான் ஸ்கூட்டியில் தொங்கிக்கொண்டிருந்த அரிசிப் பை ஞாபகம் வந்தது. என் காணிக்கை, இன்னும் கொடுக்கவில்லை! தூக்கிக்கொண்டு ஓடிப் பெரிய டிரம்முக்குள் படுக்க வைத்து, தோலில் லேசாகப் படும்படி சாய்த்தேன். மிதித்தேன். 'தப்'! அல்லேலூயா! இனி மடிக்கு முன்னால் இருக்கும் சின்ன டிரம்முக்கு, ஸ்னேருக்கு, ஏதாவது கனமாக, மெத்தென்று, உள்ளங்கை அளவில் வேண்டும். சுற்றிலும் பார்க்கிறேன். கைகட்டி, ஒருக்களித்து நின்று என்னையே பார்த்தபடி தேவசகாயம் சார் நிற்கிறார். அவர் பேண்ட் பின்பாக்கெட்டில் பர்ஸ். பழைய ரயில்வே பாஸ் முதல் பேரப்பிள்ளை போட்டோ வரை திணித்து, தோசை மாதிரி இருக்க வேண்டிய பர்ஸ் இட்லி மாதிரி உப்பியிருக்கிறது. யோசிக்கவே இல்லை நான். "சார், உங்க பர்ஸைக் குடுங்க" என்றேன். மனுஷன் பாக்கெட்டில் இருந்து உருவி நீட்டினார். "பிடி. டிரம்ஸ் போனா போன் வந்ததாலதான் போகணும், நான் உதவாததால போச்சுன்னு இருக்கக் கூடாது."

ஒரு தரம், ரெண்டு தரம்

பர்ஸை ஸ்னேரின் ஓரத்தில் வைத்து டேப் ஒட்டினேன். முதல் பாட்டு. ஒரு தட்டு. 'டக்'! இழுவை இல்லை, முனகல் இல்லை, கூரைக்குப் போகவும் இல்லை. அதே சமயம் பாபு சொன்ன தலையணை மொத்தலும் இல்லை. கடைசி பெஞ்சுக்காரர்கள் வரை பாட்டோடு கைதட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது! ஆனால் ஒரு கண் மட்டும் சாரின் சட்டைப் பாக்கெட்டில் இருந்த போனிலேயே இருந்தது. பாட்டுக்குப் பாட்டு பார்த்தேன். பிரசங்கத்தின்போதும் பார்த்தேன். போன் அடிக்கவில்லை. கடைசி ஆமென் வரைக்கும் அடிக்கவில்லை!

பந்தலில் ஏலம் ஆரம்பித்தது. வருஷா வருஷம் ஏலம் விடுவது சார்தான், அதுவும் அவர் குரலுக்கு மைக் வேறு. டிரம்முக்குள் இருந்து வந்த என் அரிசிப் பைக்குத்தான் ஏகப்பட்ட போட்டி. தாளம் போட்ட அரிசி என்று எல்லோரும் கேட்க, சாருக்கே ஆசை வந்து, தானும் ஒரு தொகை சொல்லி, "ஒரு தரம்! ரெண்டு தரம்!" என்று கர்ஜித்துவிட்டுப் பின்பாக்கெட்டைத் தடவினார். பர்ஸ் இல்லை. "ஹெலன், ஸ்னேர்ல இருக்கிற என் பர்ஸை எடுத்துட்டு வாம்மா" என்று மைக்கிலேயே சொன்னார். பந்தலே சிரித்தது. நான் எழுந்தேன். அப்போது அவர் போன் அடித்தது.

சார் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அபார்ட்மெண்ட்" என்றார். ராஜம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒளிவு மறைவு வேண்டாம், எல்லோரும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சார் போனை ஸ்பீக்கரில் போட்டு மைக்கிலேயே பிடித்தார். காயத்ரியின் குரல் பந்தல் முழுக்க, ஏன், அவள் வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்டது: "சார், இன்னிக்கு டிரம்ஸ் ரொம்ப அழகா இருந்துது, பாப்பா அதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்கினா. ஆனா அரைமணி நேரமா மைக்ல ஒருத்தர் ஒரு தரம் ரெண்டு தரம்னு கத்தி அவளை எழுப்பிட்டார் சார், அந்த டிரம்ஸ் அக்காகிட்ட சொல்லி அவர் வாய்லயும் ஒரு தலகாணி வெக்கச் சொல்றீங்களா?"

ஆக, அன்பர்களே, லோடு ஆட்டோ வரவே இல்லை; டிரம்ஸை அடக்க ஒரு அரிசிப் பையும் ஒரு பர்ஸும் போதும், ஏலம் விடுகிறவரை அடக்க இன்னும் எந்தச் சாமானும் கேம்ப் ரோடு கடைக்கு வந்து சேரவில்லை.